உங்களுக்குத் தெரியுமா? கேரவனில் நாயோடு செம்பாறைப் பள்ளத்தாக்குக்கு!

சங்கராபுரத்திலிருந்து திருவண்ணாமலை போகும்போது மூங்கில்துறைப்பட்டில் நாம் கடக்கிற தென்பெண்ணைக்கு உடன்பிறந்த ஆறு ஒன்று உண்டு, தெரியுமா? கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில்தான் இரண்டும் பிறக்கின்றன. தென்பெண்ணை கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாக நம் பக்கம் வந்து கடலூரில் கடலைச் சேர்கிறது. வடபெண்ணை வடக்கே திரும்பி, அனந்தப்பூர், கடப்பா வறண்ட நிலங்களைக் கடந்து, நெல்லூர்ப் பக்கம் கடலில் விழுகிறது. நீளம் 597 கி.மீ. போகிற வழியில் எர்ரமலையைச் சுமார் 300 அடி ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போன இடம்தான் கண்டிக்கோட்டை. ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று பயணிகள் சொல்வது இதைத்தான்.

●

கல்வராயன் மலையும் எர்ரமலையும் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. இங்கே வெள்ளிமலைக்கு ஏறினால் பச்சைக் காடும் அருவியும். அங்கே முள் புதரும் சிவந்த பாறையும். மழை செய்கிற வித்தியாசம் அது.

●

கண்டிக்கோட்டையின் செம்பாறை ‘குவார்ட்சைட்’ வகை. கடலோர மணல் படிந்து இறுகி உருவான அதன் வயது 90 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் விளிம்பில் நின்றால் காலுக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்புப் பாறைக்கு ஏறக்குறைய 27 கோடி ஆண்டுதான். பரப்பிலும் ஆழத்திலும் அந்த அமெரிக்கப் பள்ளத்தாக்கு பல மடங்கு பெரியது, 446 கி.மீ. நீளம், சுமார் 1.6 கி.மீ. ஆழம். ஆனால் விளிம்புப் பாறைகளில் மூத்தது நம் பக்கத்துடையது.

●

பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு கோட்டை, உள்ளே மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் கிடங்கு எல்லாம் இருக்கின்றன. பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். கோல்கொண்டா தளபதி மீர் ஜும்லா பின்னால் இதைப் பிடித்தார். பிரெஞ்சு வைர வணிகர் தவெர்னியே 1652-இல் தம் நகைகளை அவரிடம் காட்டுவதற்காக இங்கே வந்திருக்கிறார்.

●

சங்கராபுரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், சித்தூர், கடப்பா, ஜம்மலமடுகு வழியாக 400 கி.மீ.க்கு மேல். நவம்பர் முதல் ஜனவரி வரைதான் போக வேண்டிய காலம். கோடையில் கடப்பா வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மனிதனே தாங்க மாட்டான், நாய்க்கு அது கொடுமை. நேரம் இருந்தால் அப்படியே பேலம் குகைகளையும் பார்த்துவிடுங்கள். 3 கி.மீ.க்கு மேல் நீளும் அந்தக் குகையை 1884-இல் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவரும் அவர்தான். அவருடைய நினைவிடம் நமக்குப் பக்கத்தில், ஏற்காட்டில் இருக்கிறது.

●

அமெரிக்காவைக் குறுக்கே காரில் முதலில் கடந்தவர்களோடு ஒரு நாயும் போனது! 1903 மே 23-ஆம் தேதி ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர் 50 டாலர் பந்தயத்துக்காக சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பினார். கூட வந்தவர் மெக்கானிக் சூவல் கிராக்கர். அப்போது நல்ல சாலையே கிடையாது. ஐடஹோவில் ‘பட்’ என்ற புல்டாக் நாயை வாங்கி ஏற்றிக்கொண்டார்கள். திறந்த கார் அது. காரம் கலந்த பாலைத் தூசி பட்டு நாயின் கண் எரிந்ததால் அதற்கும் ஒரு தூசிக் கண்ணாடி மாட்டினார்கள். 63 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் காரும் பட்டின் கண்ணாடியும் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

●

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் சார்லி என்ற பூடில் நாயுடன் கேம்பர் வண்டியில் அமெரிக்காவைச் சுற்றினார். அந்தப் பயண நூல் வெளிவந்த 1962-ஆம் ஆண்டிலேயே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

●

அத்தனை நாய்கள் போகிற கிராண்ட் கேன்யனில் கூட, விளிம்புப் பாதையில் 6 அடிக்கு மிகாத வாரில் கட்டித்தான் நாயைக் கூட்டிப் போகலாம். பள்ளத்தாக்குக்குள் இறங்க அனுமதி இல்லை. இந்தக் கண்டிப்பு சரியானது என்றே சொல்வேன், நாயின் நோய் காட்டு விலங்குக்கும் தொற்றலாம். 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் கண்டறியப்பட்டது. ஆகவே கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தினாலும் நாயை அவிழ்த்து விடாதீர்கள்.

●

நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. பாத மெத்தையில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெளியே 24 டிகிரி இருக்கும்போதே, வெயிலில் பூட்டிய வண்டிக்குள் 10 நிமிடத்தில் 34, அரை மணியில் 43 டிகிரி ஆகிவிடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. டீ குடிக்க இறங்கும் ஐந்து நிமிடத்துக்குக் கூட நாயை வண்டியில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

மயங்கித் தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள்; வழியிலேயே கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். 7 விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

●

மூக்கு சப்பையான பக், ஷீட்ஸூ வகைகள் வெயிலில் சீக்கிரம் துவண்டுவிடும். கரிசல் பூமியில் வளர்ந்த நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு நீண்ட மூக்கு, குட்டை முடி. வறண்ட ஊர்ப் பயணத்துக்கு ஏற்ற உடல்வாகு. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது.

●

ரயிலில் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபே அல்லது கேபின் முழுவதையும் உங்கள் பெயரில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வேனில் உள்ள நாய்ப்பெட்டிதான். கேரவன் பயணத்தை நாய் வளர்ப்போர் விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

●

பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துத் தாமாகவே கேரவன் ஆக்குகிறார்கள் சிலர். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ மறக்க வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரம் மாறுகிற அளவுக்கு வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலக ஒப்புதல் தேவை. கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்று தனித் திட்டமே கொண்டுவந்தது; வாகமனில் வண்டி நிறுத்தத் தனிப் பூங்காவும் அமைந்தது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் வசதியோடு அப்படி ஓர் இடம் கல்வராயன் அடிவாரத்தில், கோமுகி அணைப் பக்கம் வந்தால் மலைவாழ் மக்களின் தேனுக்கும் சிறுதானியத்துக்கும் வாசலிலேயே சந்தை கிடைக்கும். சுற்றுலாத் துறை இதை யோசிக்க வேண்டும்.

●

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய், டிஸ்டெம்பர் தடுப்பூசிகளைப் போட்டுவிடுங்கள். சான்றிதழை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வண்டியிலேயே வையுங்கள்.