12 அடி ஒயர் 7,250 டாலர்... காஸ்ட்லி ஆடியோ கேபிளில் அப்படி என்னதான் இருக்கு?

2007-ல் அமெரிக்காவில் ஒரு ஸ்பீக்கர் ஒயர் செய்தியில் அடிபட்டது. பியர் கேபிள் நிறுவனத்தின் 'ஆன்ஜூ' மாடல். 12 அடி நீள ஜோடியின் விலை 7,250 டாலர். இதையும் சாதாரண ஒயரையும் காதால் மட்டுமே பிரித்துச் சொல்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று சவால் விட்டார், போலி அற்புதங்களை அம்பலப்படுத்தி வந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி. ஆடியோ விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர் நான் ரெடி என்று முன்வந்தார். ஒயரைத் தர நிறுவனம் மறுத்தது. சோதனை நடக்கவே இல்லை.

அந்தப் பஞ்சாயத்து இப்போது ஸ்பீக்கரைத் தாண்டி காதுக்குள் வந்துவிட்டது. இன்-இயர் மானிட்டர்களின் ஒயரைக் கழற்றி மாற்றலாம் என்பதால், கையால் பின்னிய கேபிள்களுக்குத் தனி மார்க்கெட்டே இருக்கு. சிங்கப்பூரின் எஃபெக்ட் ஆடியோ போன்ற நிறுவனங்களின் டாப் மாடல்கள் ஒரு நல்ல போனின் விலைக்குப் போகின்றன.

வேலை நிஜமாகவே கஷ்டம்தான். முடியளவு மெல்லிய செம்பு இழைகள், ஒவ்வொன்றின் மேலும் எனாமல் பூச்சு. ஈயம் பிடிக்க வேண்டுமென்றால் நுனியில் அந்தப் பூச்சு முழுசாகப் போகணும். பிறகு நாலு அல்லது எட்டு ஒயர்களைச் சடை மாதிரி பின்ன வேண்டும். ஒரு ஒயரை மட்டும் இறுக்கி இழுத்துவிட்டால் மொத்தப் பின்னலும் முறுக்கிக்கொள்ளும். கடைசியில் 0.78 மில்லிமீட்டர் பின்னில் சால்டரிங். சில விநாடி கூடுதலாகச் சூடு வைத்தால் பிளாஸ்டிக் உருகி பின் சாய்ந்துவிடும். அதனால் பின்னை ஒரு சாக்கெட்டில் செருகி வைத்துக்கொண்டே பற்றவைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பிளஸ்-மைனஸ் மாறினால் போச்சு. பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறிப்போகும்.

சரி, சவுண்டு மாறுமா?

ஸ்பீக்கரில், பெரும்பாலும் இல்லை. வீட்டு பிளக் பாயின்டுக்கு எலக்ட்ரீஷியன் இழுக்கும் அதே 2.5 சதுர மி.மீ. தடிமனில் 3 மீட்டர் செம்பு ஒயர் போட்டால், போக வர மொத்த மின்தடை சுமார் 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது அரை சதவீதம்தான். வெள்ளி, செம்பைவிட 6 சதவீதம் அளவுக்குத்தான் நன்றாக மின்சாரம் கடத்தும். அந்த வித்தியாசத்தை ஒயரைக் கொஞ்சம் தடிமனாக்கியே ஈடுகட்டிடலாம். தங்கம் என்றால் நம்ம ஊரில் மறுபேச்சு இல்லை. ஆனால் கடத்தும் திறனில் அது செம்புக்கும் கீழே. பிளக்கில் தங்கம் பூசுவது கறுக்காமல் இருக்கத்தான்.

இன்-இயரில் கதை வேறு. பல டிரைவர்கள் உள்ள சில மாடல்களில் மின்தடை மிகக் குறைவு, அதுவும் சுருதிக்குச் சுருதி மாறும். அங்கே கேபிளில் 1 ஓம் கூடினாலே பேஸ், ட்ரெபிள் அளவு நகரும். எலெக்ட்ரிக் கிதாரிலும் அப்படித்தான்: கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் கூடி, ட்ரெபிள் மங்கும். இரண்டுமே அளந்து பார்க்கக்கூடியவை. சரிசெய்ய அதிகச் செலவும் ஆகாது. ஆக, காஸ்ட்லி கேபிளில் காசு போவது பெரும்பாலும் கைவேலைக்கும் அழகுக்கும் பிராண்டுக்கும்தான். பின்னல் பிடித்துப்போய் வாங்கினால் அதில் தப்பே இல்லை.

சவுண்டுக்காக வாங்கியிருந்தால் ராண்டியின் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வால்யூமைச் சமமாக வைத்து, எது எந்தக் கேபிள் என்று சொல்லாமல் நண்பரை 10 முறை மாற்றித் தரச் சொல்லுங்க. சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். 9 அல்லது அதற்கு மேல் அதிர்ஷ்டத்தில் அமைய வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான். எதுவானாலும் ரிட்டர்ன் தேதிக்குள் செய்துடுங்க.