எரியும் விளக்கும் எரியாத விளக்கும்

வீட்டு வாசலில் பழைய கார் ஒன்று நிற்கிறதா? அப்பா வாங்கிய மாருதி 800-ஆக இருக்கலாம், மாமா டாக்ஸி ஓட்டிய அம்பாசிடராக இருக்கலாம். (800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதம் நின்றது. வண்டிகள்தான் நின்றபாடில்லை!) இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்யுங்கள். சாவியைப் போட்டுத் திருப்புங்கள், ஆனால் செல்ஃப் அடிக்காதீர்கள். டாஷ்போர்டில் என்னென்ன சிவப்பு விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பேட்டரி படம் போட்டது ஒன்று, எண்ணெய்க் கேன் படம் போட்டது ஒன்று. ரொம்பப் பழைய வண்டியானால் படம் இருக்காது, வெறும் சிவப்புப் பொட்டுதான் இருக்கும். இரண்டும் எரிய வேண்டும். எஞ்சின் பிடித்ததும் இரண்டும் அணைய வேண்டும்.

விளக்கு எரிந்தால் பயப்படுகிறவர்கள் நிறைய பேர். சாவி போட்டும் எரியாத விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். பல்பே செத்துக் கிடந்தால் ஆபத்து வரும்போது யார் சொல்வது? பேட்டரி விளக்கு விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பல்பு போனதே ஆபத்தாகிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். "அடுத்த ஊர் வரைக்கும் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது. பேட்டரி விளக்கு அப்படியல்ல, அது கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். முதலில் அவகாசம் கொடுப்பதையே எடுத்துக்கொள்வோம்.

பேட்டரி படம் போட்டிருப்பதால் அந்த விளக்கு பேட்டரியைப் பற்றிப் பேசுகிறது என்று நினைக்கிறோம். அது பேட்டரியைப் பார்ப்பதே இல்லை. சர்க்யூட் ரொம்பச் சின்னது. பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், அங்கிருந்து பல்பின் ஒரு கால். பல்பின் மறுகாலிலிருந்து மெல்லிய வயர் ஒன்று ஆல்டர்னேட்டருக்குப் போகிறது. அது சேருமிடத்தை எல் என்றோ டி பிளஸ் என்றோ குறித்திருப்பார்கள். அங்கிருந்து ரெகுலேட்டர், கார்பன் பிரஷ், ரோட்டார் சுருள், கடைசியில் எர்த். எஞ்சின் ஓடாதபோது பல்பின் ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம். எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டரின் உள்ளே இருக்கும் சிறு டயோடுகள் வழியாக மறுபக்கத்துக்கும் 14 வோல்ட் வந்துவிடுகிறது. இரு பக்கமும் சமம், பல்புக்கு நடுவில் வித்தியாசம் இல்லை. அணைகிறது. ஆக, அது காட்டுவது இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட் வித்தியாசத்தைத்தான்.

இன்னொரு வேலையும் அந்தப் பல்பு செய்கிறது. ரோட்டாருக்கு முதல் காந்தம் பிறப்பதே அதன் வழியாகப் போகும் கரண்டால்தான். 3 வாட் பல்பு என்றால் 3-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், கால் ஆம்பியர். இந்தக் கால் ஆம்பியர்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்புகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் தட்டி எழுப்ப ஆளில்லை. (பின்னால் வந்த சில ஆல்டர்னேட்டர்களில் ரெகுலேட்டருக்கு இக்னிஷனிலிருந்து தனி வயர் வருகிறது, அவற்றில் பல்பு போனாலும் சார்ஜ் ஆகும்.)

எங்கள் தெருவில் ஒரு சமையல் மாஸ்டர். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் ஏற்றிப் போக ஒரு டீசல் அம்பாசிடர் வைத்திருக்கிறார். முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்றரை மணிக்கு வண்டி செல்ஃப் எடுக்காது. தெருவே எழுந்து தள்ளும். புது பேட்டரி வாங்கிப் போட்டார், ஒரு மாதம் ஓடியது, மறுபடி அதே கதை. பேட்டரிக் கடைக்காரரோடு சண்டை. "ஏம்ப்பா தம்பி, சார்ஜ் ஆகலேன்னா லைட்டு எரியும்னு சொல்றாங்க. நம்ம வண்டியில லைட்டே எரியறதில்லையே?" என்று கேட்டார். "அண்ணே, சாவி போட்டதும் எரியுதா?" என்றேன். "அப்பவும் எரியாதுப்பா, நல்ல வண்டி!" என்றார். டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் பல்பின் இழை அறுந்து கிடக்கிறது. நெடுஞ்சாலையில் நன்றாக ரேஸ் கொடுத்து ஓட்டிய நாட்களில் ரோட்டாரில் மிச்சமிருந்த காந்தத்தால் எப்படியோ சார்ஜ் பிடித்திருக்கிறது. உள்ளூரில் மெதுவாக ஓட்டிய நாட்களில் ஒன்றும் இல்லை. டீசல் வண்டிக்கு ஸ்பார்க் தேவையில்லாததால் ஓடும்போது ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு பேட்டரி விலை எங்கே, ஒரு பல்பின் விலை எங்கே!

இதில் இப்போது ஒரு புதுத் தொல்லையும் சேர்ந்திருக்கிறது. அழகுக்காக டாஷ்போர்டு பல்பை எல்லாம் எல்.இ.டி.யாக மாற்றுகிறார்கள். எல்.இ.டி. இழுப்பது சில மில்லி ஆம்பியர்கள்தான். கால் ஆம்பியர் வேலையை அது செய்யாது. மற்ற பல்புகளை மாற்றிக்கொள்ளுங்கள், இந்த ஒன்றை மட்டும் பழைய இழை பல்பாகவே விட்டுவிடுங்கள்.

சரி, ஓடும்போது விளக்கு எரிகிறது. என்ன செய்வது? பானெட்டைத் திறந்து முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான்! அறுந்திருந்தால் கதை முடிந்தது. பல பழைய கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது, மேற்கொண்டு ஓட்டினால் எஞ்சின் கொதித்துவிடும். டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே பெல்ட் போனால் கொஞ்ச நேரத்தில் பிரேக் மிதி கல்லாகிவிடும். பேட்டரி விளக்கு அவகாசம் கொடுக்கும் என்று சொன்னேனே, பெல்ட் இருந்தால்தான் அது. இருக்கிறதென்றால் நடுவில் கட்டை விரலால் அழுத்துங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். தொளதொளவென்றிருந்தால் இறுக்குங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, நம் மாணவர்களில் பாதிப்பேரிடம் ஏற்கெனவே இருக்கும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் நேராகப் பிடியுங்கள். ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த பேட்டரி 12.6 காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் பட்டினி. பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். (நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கதவு திறந்த ஷெட். தாவணி, துண்டு, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.) 13.8 முதல் 14.4 வரை வந்தால் சார்ஜ் ஆகிறது. எஞ்சினை அணைத்திருந்தபோது இருந்த 12 சொச்சமே நின்று, பிறகு இறங்கிக்கொண்டே போனால் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப்போய் பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. இதை விளக்கு சொல்லவே சொல்லாது, மீட்டர்தான் சொல்லும்.

சார்ஜ் ஆகவில்லையா? எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் போடுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து அந்த மெல்லிய வயரைப் பிடுங்குங்கள். விளக்கு அணைந்தால் வயர் சரி, நோய் ஆல்டர்னேட்டருக்குள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் வயர் வழியில் எங்கோ தோல் உரிந்து பாடியில் தொடுகிறது. மாறாக, சாவி போட்டும் விளக்கு எரியாத வண்டியானால், பிடுங்கிய வயரின் நுனியைப் பாடியில் சுத்தமான இரும்பில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் பல்பும் வயரும் நலம். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது ரோட்டார் சுருள் அறுந்திருக்கிறது. எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், வயர் என்று தேடுங்கள். பல்பு நடுவில் இருப்பதால் இப்படித் தொடுவதில் அபாயம் இல்லை. ஆனால் பக்கத்திலேயே தடிமனான வயர் ஒன்று போல்ட் போட்டிருக்கும். அது பேட்டரியோடு நேரடித் தொடர்பு, சாவி எடுத்தாலும் உயிரோடு இருக்கும். அதில் ஸ்பானர் பட்டால் தீப்பொறி பறக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மங்கலாக எரிகிறது, இருட்டில்தான் தெரிகிறது என்பது இன்னொரு வகை. வித்தியாசத்தைக் காட்டும் விளக்கு என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். முழுதாக எரிந்தால் 12 வோல்ட் வித்தியாசம். மங்கல் என்றால் ஒன்றிரண்டு வோல்ட். டயோடு ஒன்று போயிருக்கலாம். அல்லது ஆல்டர்னேட்டர் ஒழுங்காகவே 14 கொடுத்தும் வழியில் பச்சைப் பூத்த முனை ஒன்று வோல்ட்டைத் தின்றுகொண்டிருக்கலாம். எஞ்சினும் ஹெட்லைட்டும் ஓட, மீட்டரின் ஒரு முள்ளை அந்தத் தடித்த வயரின் போல்ட்டிலும் மற்றதை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட் காட்டினால் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ஆல்டர்னேட்டரைத் தொடாதீர்கள்.

ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டிப் பாரு, ஆஃப் ஆகலேன்னா சார்ஜிங் நல்லாருக்குன்னு அர்த்தம்" என்பார்கள். டைனமோவும் கட்-அவுட் பெட்டியும் இருந்த காலத்து வித்தை அது. அந்த வண்டிகளில் ஐட்லிங்கில் விளக்கு மினுக்குவதுகூட சகஜம். ஆல்டர்னேட்டரில் அப்படிக் கழற்றினால் வோல்ட் ஒரு கணம் பல பத்துகளுக்கு எகிறி டயோடு, ரெகுலேட்டர், சமயத்தில் ரேடியோ எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். சொல்பவர் எவ்வளவு பெரிய மேஸ்திரியாக இருந்தாலும் சரி, "மீட்டர் வச்சுப் பார்த்துடலாம்ணே" என்று மரியாதையாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

பெல்ட் இருக்கிறது, சார்ஜ் மட்டும் இல்லை, ஊர் தூரம். எவ்வளவு நேரம் ஓடும்? கணக்குப் போடுவோம். 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதில் பாதியை நம்பலாம். 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பெட்ரோல் கார்பரேட்டர் வண்டியின் இக்னிஷனும் சில்லறைச் செலவும் சேர்ந்து 5 ஆம்பியர் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல். ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடும் வண்டியில் இது குறையும். இரவில் 55 வாட் ஹெட்லைட் இரண்டு 9 ஆம்பியர், பின் விளக்குகளோடு மொத்தம் 15-ஐத் தாண்டும்; ஒரு மணி நேரம்தான். பகலிலேயே கிளம்புங்கள், பாட்டை நிறுத்துங்கள், வழியில் எஞ்சினை அணைக்காதீர்கள்.

இனி ஆயில் விளக்கு. இதன் சர்க்யூட் இன்னும் எளிது. எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் ஒரு சுவிட்ச், எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது வயரை எர்த்தோடு சேர்க்கிறது. சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 பவுண்டு அழுத்தம் வந்ததும் பிரித்துவிடுகிறது. விளக்கு அணைந்துவிட்டது என்பதால் எல்லாம் பிரமாதம் என்று ஆகாது. குறைந்தபட்சத்தைத் தாண்டியது, அவ்வளவுதான். எரிந்தால் கிராங்க் பேரிங்கில் எண்ணெய்ப் படலம் நிற்கவில்லை என்று கொள்ள வேண்டும். உலோகம் உலோகத்தைக் கடிக்க நிமிடங்கள் போதும். பேட்டரி போனால் பேட்டரி விலை. இது போனால் கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், லேத்துக்கு அலைச்சல், வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில்.

அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து, சமதரையில் ஆயில் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள், எங்கே ஒழுகுகிறது என்று வண்டிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். சில சமயம் ஒழுகுவதே அந்தச் சுவிட்ச்சாக இருக்கும். அளவு சரியாக இருந்தால், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, சுவிட்சிலிருந்து வயரைப் பிடுங்குங்கள். விளக்கு அப்போதும் எரிந்தால் வயர் எர்த் ஆகியிருக்கிறது. அணைந்தால் இரண்டில் ஒன்று: சுவிட்ச் பொய் சொல்கிறது, அல்லது அழுத்தம் நிஜமாகவே இல்லை. இதை ஊகிக்கக்கூடாது. எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் மினுக்கி, ரேஸ் கொடுத்தால் அணைகிற விளக்கும் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது: எண்ணெய் நீர்த்துவிட்டது அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது.

சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் முள் வைத்த அழுத்த கேஜைத் திருகிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பழைய எஞ்சின்களுக்கு ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு என்பது பட்டறைக் கணக்கு. ஸ்டார்ட் செய்ததும் முள் எழுந்துவிட்டால் எஞ்சினைச் சூடாக்கி, 2000 சுற்றில் 20-க்கு மேல் நிற்கிறதா பாருங்கள். நின்றால், ஐட்லிங்கிலும் தாழாமல் இருந்தால், சுவிட்சை மட்டும் மாற்றுங்கள். சில நொடிகளில் முள் எழவே இல்லையென்றால் உடனே அணைத்துவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.