ராயபுரத்துக்கு ஒரு பேஸ் கிட்டார்

கடலில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க 1972-இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகளில் சங்கொலிக்கும் கணக்கு உண்டு. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் சங்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஊத வேண்டும். 75 மீட்டருக்குக் குறைந்த சிறு கலங்களுக்கு 250 முதல் 700. இடைப்பட்டவற்றுக்கு 130 முதல் 350. உடல் பெருக்கப் பெருக்கக் குரல் இறங்க வேண்டும் என்பது சட்டம். சென்னைத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கன்டெய்னர் கப்பல் ஊதும்போது ராயபுரத்தில் கேட்பது பேஸ் கிட்டாரின் எல்லைக்குள் இருக்கும் ஒலி. பேஸின் நான்கு கம்பிகளை வெறுமனே மீட்டினால் வருவது 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். மேலே உள்ள இரண்டும் பெரிய கப்பலின் சுருதி. கீழே உள்ள இரண்டும் கப்பலுக்கே அனுமதிக்கப்படாத ஆழம்.

இவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு பலகையிலிருந்து எடுப்பதே விசித்திரம்தான். வடசென்னையில் இருந்துகொண்டு ஜாஸ் வாசிக்க ஆசைப்படும் ஒருவர், காசு சேர்த்து முதல் நல்ல பேஸை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ரயிலோடு வளர்ந்த ராயபுரம், பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் விருந்துகளில் மேற்கத்திய நடன இசை வெகுகாலம் புழங்கியது. 1958-இல் டேவ் ப்ரூபெக்கின் ஜாஸ் குழு மதராஸுக்கு வந்தது. டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு லயம் பேசிப் பார்த்தார். அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் யூஜின் ரைட். அவர் கையில் இருந்தது ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ்.

அது ஏன் அவ்வளவு பெரிது? சென்னையின் 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுகிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய அலையைக் காற்றில் எழுப்பச் சிறிய பெட்டியால் முடியாது. அமெரிக்காவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்ப்பதில் தொழிலைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951-இல் அந்தப் பெட்டியையே தூக்கிப் போட்டார். கம்பியின் அசைவைக் காந்தமும் செம்புச் சுருளும் மின்சாரமாக்கட்டும், காற்றைத் தள்ளும் வேலையை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. ஒரு மீட்டருக்கு மேல் இருந்த கம்பி நீளம் 34 அங்குலமாக, அதாவது 86 சென்டிமீட்டராகக் குறைந்தது. குறைந்த நீளத்தில் அதே தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் கம்பி கனமாக வேண்டும். ஆகவேதான் பேஸின் நான்காம் கம்பி ஓர் உலோக மையத்தின்மேல் வேறு கம்பி சுற்றப்பட்டுத் தடித்திருக்கிறது. 1960-இல் அவரது நிறுவனம் ஒல்லியான நெக்கும், அந்தக் காந்தச் சுருளான பிக்-அப் இரண்டும் கொண்ட இன்னொரு மாடலை வெளியிட்டு அதற்கு ஜாஸ் பேஸ் என்று பெயர் வைத்தது. ஜாஸ் கலைஞர்களை இழுக்க வைத்த பெயர். பெயரைப் பார்த்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் பேசுகிறதா?

ஜாஸ் பேஸ்காரரின் அன்றாடச் சோறு வாக்கிங் பேஸ். நான்கு அடிக்கும் நான்கு சுரம், ஏறியும் இறங்கியும், நிற்காமல். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 0.3 நொடி. அந்த நேரத்துக்குள் 41 ஹெர்ட்ஸ் தரும் திறந்த ஈ கம்பி 12 முறைதான் ஆடி முடிக்கிறது. திருவொற்றியூரில் தயாரான புல்லட் பைக்கை நினைத்துப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் நிற்கும்போது நொடிக்கு எட்டு வெடிப்பு, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். 2,400 சுற்றைத் தாண்டும்போது 20 ஹெர்ட்ஸ். துடிப்புகள் கரைந்து ஒலியாகத் தொடங்கும் இடம் அது. பேஸின் 41 ஹெர்ட்ஸை எட்ட 4,900 சுற்று வேண்டும். துடிப்புக்கும் சுரத்துக்கும் நடுவிலுள்ள அந்த எல்லையை ஒட்டித்தான் பேஸ் வாழ்கிறது. பன்னிரண்டே துடிப்பைக் கேட்டு இது ஈ என்று காது தீர்ப்புச் சொல்வது, அடிப்படை அதிர்வோடு கூடவே எழும் 82, 124, 165 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களின் தயவால்.

காதின் இந்தச் சாமர்த்தியத்தை 1841-லேயே ஜெர்மனியின் ஆகஸ்ட் ஸீபெக் தொட்டுவிட்டார். அவர் பயன்படுத்திய கருவி, நம் ஆலைச் சங்கின் மூதாதை: துளையிட்ட வட்டத்தகட்டைச் சுழற்றி அதன்மேல் காற்றை ஊதும் சைரன். அடிப்படை அதிர்வு மிக மெலிந்திருக்கும்போதும் காது அதே சுருதியைக் கேட்பதைக் கண்டார். மேற்சுரங்களின் இடைவெளியிலிருந்து மூளையே அடித்தளத்தைக் கட்டிக்கொள்கிறது. டீக்கடை ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. ஆனாலும் எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் எங்கே போகிறது என்று டீ குடித்தபடியே முணுமுணுத்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் முணுமுணுத்ததில் பாதி ரேடியோவில் இல்லவே இல்லை.

கடையில் இதன் பொருள்: அடிவயிற்றைக் குலுக்கும் பேஸைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆம்பில் பேஸ் என்று எழுதிய திருகைக் குறைத்துவிட்டு வாசியுங்கள். அப்போதும் சுரம் தெளிவாகப் பேசினால் மேற்சுரங்கள் ஒழுங்காக இருக்கின்றன.

அதற்கும் முன்னால் ஆம்பே இல்லாமல் ஒரு சோதனை உண்டு. நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை சுமார் 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமம். ஒரு முழு ஆள் அதில் தொங்குவது மாதிரி. நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி இதை எதிர்த்து நிற்கிறது. ஆனாலும் நெக் முற்றிலும் விறைப்பான பொருள் அல்ல. ஒரு முனை உடலில் பொருத்தப்பட்டு, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் மரச்சட்டம். அதற்கென்று சொந்த அதிர்வெண் உண்டு. கம்பியின் அதிர்வு அதைத் தொடும்போது நெக் தானும் ஆடத் தொடங்கி, கம்பியிடமிருந்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. சுரம் எழுந்தவுடனே செத்துவிடுகிறது. வாசிப்பவர்கள் இதை டெட் ஸ்பாட் என்பார்கள். 98 ஹெர்ட்ஸ் தரும் ஜி கம்பியில், ஐந்திலிருந்து ஏழாம் ஃப்ரெட் (நெக்கில் பதித்த உலோக மெட்டு) வரை, அதாவது 130 முதல் 147 ஹெர்ட்ஸ் வாக்கில், பல பேஸ்களில் இது ஒளிந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரே பலத்தில் மீட்டி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சுற்றியுள்ளவை ஐந்து நொடி நின்று, ஒன்று மட்டும் ஒன்றரை நொடியில் அடங்கினால் அதை வைத்துவிட்டு அதே மாடலில் அடுத்ததை எடுங்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு நெக்குகள்கூட ஒன்றுபோல் இருக்காது, மரம் அப்படி. வேறு வழியே இல்லையென்றால் நெக்கின் நுனியில் சின்ன இரும்புக் கிளாம்ப் ஒன்றை மாட்டிப் பாருங்கள். எடை கூடுவதால் நெக்கின் சொந்த அதிர்வெண் இறங்கி, செத்த சுரம் வேறிடத்துக்கு நகரும். சில சமயம் எந்தச் சுரத்திலும் படாத சந்துக்குள் போய் நின்றுவிடும். பேஸ் இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த வித்தை இதுதான்.

உடல் எந்த மரம் என்பதற்கு விளம்பரங்கள் பக்கம் பக்கமாக எழுதும். ஒலியை நேரடியாகக் காற்றுக்குக் கொடுக்காத கருவியில் அதன் பங்கு சிறிது. காசை நெக்குக்குக் கொடுங்கள். விரல் படும் பலகை மட்டும் நமக்குக் கொஞ்சம் சொந்தக் கதை. உலகின் எண்ணற்ற கிட்டார்களில் அந்தக் கருஞ்செம்மைப் பலகை இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அதைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே போட்டது. 2017-இல் அதன் உலக வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

மரம் ஈரம் குடித்தால் குறுக்குவாட்டில் விரியும், நீளவாட்டில் அவ்வளவாக விரியாது. 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் உட்பட அண்ணா சாலைக் கடைகளில் வாங்கினாலும் சரி, பெட்டியில் வரவழைத்தாலும் சரி, ஏசி அறையிலிருந்து கடலோர வீட்டுக்கு வந்த நெக் சில வாரம் அசையும். வாங்கிய அன்றே செட்-அப் செய்யக் காசு கொடுக்காதீர்கள். மரம் ராயபுரத்துக் காற்றுக்குப் பழகட்டும். அதற்குப் பிறகு ட்ரஸ் ராடைத் திருகலாம்.

அடுத்து மின்சாரம் கொண்டுவரும் இரைச்சல். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அத்திப்பட்டு அருகில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது, நொடிக்கு 50. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அங்கிருந்து வருகிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்த பிறகு, நாடு முழுக்க இத்தகைய டர்பைன்கள் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. பேஸின் தாழ்ந்த ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது சுவரில் ஓடும் வயர், டியூப்லைட், மின்மாற்றி எல்லாம் சேர்ந்து கொஞ்சம் சுருதி ஏறிய ஜியை ஓயாமல் பாடுகின்றன. பிக்-அப்பில் சுற்றிய ஆயிரக்கணக்கான செம்புச் சுற்றுகளுக்குக் கம்பி எது, டர்பைன் எது என்று தெரியாது, இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

ஜாஸ் பேஸின் இரண்டு பிக்-அப்புகளில் ஒன்றின் சுருள் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கும். கம்பியின் அசைவுக்கு இரண்டு தலைகீழும் ஒன்றையொன்று நேராக்கிவிடுவதால் சைகை கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தம் பொருட்டல்ல, சுருளின் திசை மட்டுமே கணக்கு. ஆகவே அது கழிந்துபோகிறது. இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்து, பிறகு ஒன்றை மட்டும் குறைத்துக் கேளுங்கள். முதலில் அமைதியும் பிறகு ரீங்காரமும் வந்தால் வேலை ஒழுங்கு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் எர்த் இணைப்பும் சரி. நம் பக்கத்துப் பழைய வீட்டு வயரிங்கில் இந்த இரண்டும் ஆடம்பரமல்ல.

பிக்-அப் இருக்கும் இடமும் குரலை மாற்றும். உடலில் கம்பியின் முனையைத் தாங்கும் பாலத்துக்கு அருகில் கம்பி குறைவாக அசையும், அங்கே மேற்சுரங்கள் ஓங்கும். பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் மூக்கொலி அங்கிருந்து பிறந்தது. நெக் பக்கத்தில் ஒலி உருண்டு வரும். ஜாஸ் கற்பவருக்கு இரண்டும் வேண்டும். பேட்டரி போடும் ஆக்டிவ் சர்க்யூட் முதல் பேஸுக்குத் தேவையில்லை. எடை நான்கு கிலோவுக்கு மேல் போனால் இரண்டு மணி நேரக் கச்சேரியில் தோள் தெரியும்.

கம்பிகளில் வட்டக்கம்பி சுற்றியது ரவுண்ட்வுண்ட், தட்டைநாடா சுற்றியது ஃப்ளாட்வுண்ட். கடற்காற்றின் உப்பும் விரல் வேர்வையும் ரவுண்ட்வுண்டின் இடுக்குகளில் தங்கி, துருவையும் மந்தத்தையும் சீக்கிரம் கொண்டுவரும். ஃப்ளாட்வுண்டில் இடுக்கு மிகக் குறைவு. அதன் குரலும் டபுள் பேஸைப் போல எழுந்து சீக்கிரம் அடங்கும், வாக்கிங்குக்கு அதுதான் அழகு. எண்ணூரோ காசிமேடோ வீடென்றால் நான் யோசிக்காமல் ஃப்ளாட்வுண்ட் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏ சுரத்தைத் தாண்டும் இடத்தில் அறை குமுறினால் பேஸைத் திட்டாதீர்கள். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு சுவருக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் ஓடி 57 ஹெர்ட்ஸில் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. ஏ 55, அடுத்த சுரம் 58. ஆம்பை மூலையிலிருந்து நகர்த்துங்கள், அல்லது ஹெட்ஃபோனில் பழகுங்கள்.

ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸ் வாங்கலாமா என்ற கேள்வி நம் ஊர்ப் பக்கத்தில் நிச்சயம் வரும். தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யரின் ஊரல்லவா திருவொற்றியூர். கமகம் கேட்டு வளர்ந்த காது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கத்தான் விரும்பும். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு இடம் பார்க்கிறார்கள். கம்பியை இழுத்துக் கமகம் எடுக்கிறார்கள். பேஸின் ஃப்ரெட்டுகள் கணிதம் போட்ட இடத்தில் அசையாமல் நிற்கும்: மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 1.0595-ஆல் வகுத்த இடம். தடித்த கம்பியை வீணைபோல இழுக்கவும் முடியாது. ஜாகோ வாசித்தது ஃப்ரெட்டுகள் நீக்கப்பட்டு, பள்ளங்கள் அடைக்கப்பட்டு, பலகைக்கு எபாக்ஸி பூசப்பட்ட 1962 மாடல் ஜாஸ் பேஸ். 1976-இல் வந்த அவரது முதல் ஆல்பம் அதன் குரலை உலகுக்குக் காட்டியது. ஆனால் ஃப்ரெட் இல்லாத பலகையில் விரல் சில மில்லிமீட்டர் தவறினால் சுருதி தவறும், பக்கத்தில் பியானோ இருந்தால் உடனே தெரியும். முதலில் ஃப்ரெட் உள்ளதை வாங்கி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட்லெஸ் ஆசை ஒரு வருஷம் கழித்தும் இருந்தால், செகண்ட் ஹேண்டில் இரண்டாவது நெக் ஒன்று தேடலாம்; நான்கு திருகுகளைக் கழற்றினால் மாற்றிவிடலாம்.