புல்லட் மாறினால் கால் ஏன் தடுமாறுகிறது?

ராயல் என்ஃபீல்டின் இன்றைய புல்லட்டில் கியர் இடது காலில். பழைய புல்லட்டிலோ வலது காலில், பின் பிரேக் இடதில். பழசில் ஊறியவர் புதுசில் ஏறி, அவசரத்தில் பிரேக் என்று மிதிப்பது கியரை!

வில்லை மாற்றினால், உணர்வால் குறிபார்க்கும் வில்லாளிக்கும் இதே வம்புதான். கிடைமட்டமாக எய்த அம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போனால், 18 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 64 செ.மீ. தாழும். வேகம் 60 மீட்டரானால் 44 செ.மீ.தான். வில் மாறியது கண்ணுக்குத் தெரியும்; கை பழைய கணக்கிலேயே நிற்கும்.

அந்தக் கணக்கை வைத்திருப்பதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு. ஒவ்வொரு தவறுக்கும் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். பார்வையை ஒருபக்கம் தள்ளும் பட்டகக் கண்ணாடி அணிந்து எறிந்தவர்களுக்கு, சில வீச்சுகளுக்குப் பின் குறி சரியானது. கழற்றியதும் எதிர்ப்பக்கம் தப்பியது. பல வாரப் பயிற்சியில் இரண்டு கணக்கும் சேர்ந்தே தங்கலாம்.

காலின் பாடு இன்னும் மோசம். அங்கே அளவு மட்டுமல்ல, வேலையே மாறுகிறது. வண்டி மாற்றிய முதல் நாளே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழையாதீர்கள். காலி மைதானத்தில் பத்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள்.