கல்பாத்தி வடாமும் இணைய அங்காடியும்

பாலக்காட்டு நகரை ஒட்டி ஓடும் கல்பாத்திப் புழையின் கரையில், ஒன்றோடொன்று சுவர் சேர்ந்த வீடுகளும் நீண்ட திண்ணைகளுமாக அமைந்த அக்கிரகாரங்கள் நேயர்கள் பலருக்கும் அறிமுகமானவை. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் விசுவநாத சுவாமி கோயில் தேரோட்டத்தைக் காண, மும்பையிலும் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் ஊர்க்காரர்கள் திரும்பி வருவார்கள். தேர் நிலைக்கு வந்த பின்னர் அவர்கள் ஊரை விட்டுப் புறப்படும்போது, பெட்டியில் துணிமணிகளுக்கு இடையே சில பொட்டலங்கள் ஏறிக்கொள்ளும். அரிசி வடாம், அப்பளம், மோர்மிளகாய், கடுமாங்காய், சக்கை வரட்டி ஆகியவையே அவை. இவற்றுள் பெரும்பகுதி தொழிற்சாலையில் பிறந்ததன்று. வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் பெண்களின் கைகளால் உருவானது.

முன்னர் ஆண்டுக்கு ஒருமுறை நடந்த இவ்விற்பனை இப்பொழுது கைப்பேசி வழியாக ஆண்டு முழுவதும் நடக்கக்கூடியதாகிவிட்டது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். கைப்பேசியிலிருந்தே பணம் செலுத்தும் யூ.பி.ஐ. முறை வந்தது 2016இல். இவ்விரண்டும் சேர்ந்த பிறகு, கடை வாடகையும் கண்ணாடி அலமாரியும் இல்லாமலேயே ஒரு குடும்பம் வாணிகம் தொடங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. தொலைவிலுள்ள ஒருவருக்குப் பொருளை அனுப்பிப் பணம் பெறுவது புதுமை என்று எண்ண வேண்டா. 1877ஆம் ஆண்டிலேயே நம் அஞ்சல் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. புத்தகமும் மருந்தும் கைக்கடிகாரமும் அவ்வழியே எத்தனையோ சிற்றூர்களை அடைந்தன. பொருள் வந்த பின்னர்ப் பணம் தரும் இன்றைய ஏற்பாடு அதன் வழித்தோன்றலே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. திண்ணைக்கு வந்து வாங்குபவர் வடாமை ஒடித்துப் பார்க்கிறார். ஊறுகாயை முகர்ந்து பார்க்கிறார். செய்தவரின் தாயாரையும் அறிந்திருக்கிறார். இணையத்தில் வாங்குபவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அந்த அறிமுகத்தின் இடத்தை நிறையும், விலையும், பொட்டலமும், அதன்மேல் ஒட்டிய சீட்டும் நிரப்பியாக வேண்டும். கைப்பக்குவம் நன்றாக இருந்தும் வீட்டு வாணிகம் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் எதை விற்பது என்று பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. தை முதல் பங்குனி வரை வெயிலும் அக்காற்றும் சேர்ந்து, பிழிந்த வடாமை விரைவில் காயவைத்துவிடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டாலோ மாடி பயன்படாது. எனவே வற்றல், வடாம் வகைகளில் உற்பத்திக்குப் பருவம் உண்டு. கேட்பவர்களுக்குப் பருவம் இல்லை. எவ்வளவு காயவைத்து எவ்வளவு சேமிக்க முடியும் என்று முதலில் கணக்கிட்டுக் கொள்ளாமல் விளம்பரம் செய்வது வீண்தொல்லை. இரண்டாவதாக, பயணத்தைத் தாங்கும் பண்டமாக இருக்க வேண்டும். நன்கு காய்ந்த வடாம் பல நாட்கள் வழியில் கிடந்தாலும் கெடாது. வளைத்தால் வளையாமல் சட்டென்று ஒடிவதே அதன் காய்ந்த பதம். முறுக்கும் தட்டையும் கெடாவிட்டாலும் நொறுங்கிப் போகும். ஊறுகாய் கெடாது, ஆனால் எண்ணெய் கசியும். ஆகவே, ஊறுகாயை உறையினுள் உறையிட்டு வாயை வெப்பத்தால் ஒட்டி, ஒரு நாள் தலைகீழாக வைத்துப் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். கண்ணாடிக் குப்பி அழகுதான்; அஞ்சல் பைக்குள் அழகுக்கு இடமில்லை.

அடுத்தது விலை. இங்கே ஒரு கணக்கைக் காட்டுவது நலம். எண்கள் உதாரணத்துக்காகக் கொண்டவை. முறையை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். ஐந்து கிலோ வடாம் செய்ய அரிசி, சவ்வரிசி, மிளகாய், உப்பு, எரிபொருள் எல்லாம் சேர்ந்து 600 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் கிலோ வீதம் இருபது உறைகள், சீட்டுடன் உறைக்கு 8 ரூபாய் என்றால் 160. ஆக 760 ரூபாய். உறை ஒன்றுக்கு 38 ரூபாய். இதனை 60 ரூபாய்க்கு விற்றால் 22 ரூபாய் இலாபம் என்று மனம் மகிழ்கிறது. ஆனால் மாவு அரைத்து, கூழ் கிளறி, பிழிந்து, திருப்பிப் போட்டு, காக்கை விரட்டி, அள்ளிப் பொட்டலம் கட்ட இரண்டு பேருக்குமாகச் சேர்ந்து 12 மணி நேரம் செலவாகியிருக்கிறது. இருபது உறைகளின் இலாபமாகிய 440 ரூபாயை இந்தப் பன்னிரண்டு மணிகளுக்குப் பங்கிட்டால் மணிக்கு 37 ரூபாய் கூட நிற்கவில்லை. மணிக்கு 75 ரூபாய் என்று கூலியைக் கணக்கில் சேர்த்தால் உறையின் அடக்கவிலையே 83 ரூபாய். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலையில்லை என்ற பழைய எண்ணம் வாணிகத்துக்குள் நுழையும்போது, விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அவர்களே நட்டம் அடைகிறார்கள். பெரிய இணைய அங்காடிகளின் வழியே விற்றால் அவற்றின் கழிவுத் தொகையும் இதன்மேல் ஏறும்.

அனுப்பும் செலவில் மற்றொரு பொறி இருக்கிறது. தனியார் தூது நிறுவனங்கள் பலவும் பெட்டியின் உண்மை எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுத்து, வருகின்ற எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. இரண்டு எடைகளில் எது மிகுதியோ அதற்கே கட்டணம். நாற்பது, முப்பது, இருபது அளவுள்ள பெட்டியில் ஒன்றரைக் கிலோ வடாமை வைத்தால், கணக்கு எடை 4.8 கிலோ ஆகிவிடும். வடாமும் அப்பளமும் எடை குறைந்து இடம் மிகுந்த பண்டங்கள் ஆதலால், இந்த வாணிகம் செய்பவர்கள் பெட்டியின் அளவைத் தேர்ந்த பின்னரே உறையின் அளவைத் தீர்மானிப்பது நல்லது. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

இனிச் சட்டத்தின் பகுதி. வீட்டுச் சமையலறைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்வது செல்லாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விற்பனைக்கு உணவு செய்யும் வீட்டையும் உள்ளடக்கும். 2011இல் வகுத்த விதிகள் சிறிய உற்பத்தியாளருக்கு எளிய பதிவையும் பெரியவருக்கு உரிமத்தையும் ஏற்படுத்தின. அப்பொழுது பதிவுக்கான உச்சவரம்பு ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய். இத்தகைய வரம்புகள் திருத்தப்படுவன ஆதலால், விண்ணப்பிக்கும் நாளில் ஆணையத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடைக்கும் பதினான்கு இலக்க எண்ணை உறையில் அச்சிடுவது கட்டாயம். அத்துடன் பண்டத்தின் பெயர், அளவு மிகுந்ததில் தொடங்கி இறங்குமுறையில் சேர்மானங்கள், நிகர எடை, செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற குறிப்பு, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்சச் சில்லறை விலை, சைவ உணவைக் காட்டும் பச்சைப் புள்ளி, செய்தவரின் பெயர், முகவரி, குறை சொல்லத் தொடர்பு எண் ஆகியவையும் வேண்டும். வீட்டு முகவரியை ஊரறியப் போடுவதா என்று தயங்கும் பெண்கள் உண்டு. தயக்கம் நியாயமானதே, எனினும் சட்டம் விலக்களிக்கவில்லை. வாணிகத்துக்குத் தனிக் கைப்பேசி எண் ஒன்றை வைத்துக்கொள்வது ஓரளவு நிம்மதி தரும்.

வரியின் செய்தி கல்பாத்திக்கு மிகவும் பொருந்துவது. அப்பளத்துக்குச் சரக்கு சேவை வரி இல்லை. ஊறுகாய்க்கு உண்டு, 12 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு ஆயிற்று. கேரளத்தில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைக் கடக்கும் வரை பொதுவாக வரிப்பதிவு தேவையில்லை. இதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வரிக்குரிய பண்டம் மாநில எல்லையைக் கடந்து விற்பனையானால் இந்த வரம்பு பயன்படாது. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரத்துக்குக் கடுமாங்காய் அனுப்பலாம். வாளையாற்றைத் தாண்டி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் கோயம்புத்தூருக்கு விற்கும் முதல் குப்பிக்கே பதிவு வேண்டும். அப்பளம் மட்டும் விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்குபவர்களில் பலர் கோவையிலும் சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் ஊருக்கு இது சிறிய செய்தியன்று. எது அப்பளம், எது வேறு வகை என்பது குறித்து வழக்குகளே நடந்திருப்பதால், வடாம் வகைகளுக்குக் கணக்காளர் ஒருவரைக் கலந்துகொள்வது நன்று. பெரிய அங்காடித் தளங்களின் வழியே பதிவின்றி விற்க 2023 அக்டோபர் 1 முதல் சிறு விற்பனையாளருக்கு இடமளிக்கப்பட்டது. அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே.

வாணிகம் வளர்ந்தால் என்ன செய்வது? இதற்கு இணையம் பிறப்பதற்கு முன்பே ஒரு விடை கிடைத்திருக்கிறது. 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுவே லிஜ்ஜத் அப்பளம். அவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அங்கே மாவு நிலையத்தில் ஒரே பக்குவமாகப் பிசையப்படுகிறது. உறுப்பினர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இட்டுக் காயவைத்துத் திருப்பித் தருகிறார்கள். வாங்கும்போது தரம் பார்க்கப்படுகிறது. நான்கு வீடுகள் சேர்ந்து இணையத்தில் ஒரே பெயரில் விற்க நினைத்தால், முதலில் பொதுவாக்க வேண்டியது இந்த மாவைத்தான். ஒரு வீட்டு உப்பும் மற்றொரு வீட்டு உப்பும் ஒன்றல்ல. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயற்கூட்டங்கள் இவ்வாறு சேர்ந்து இயங்க விரும்பும் பெண்களுக்கு அருகிலேயே இருக்கின்றன.

பணம் வாங்குவதில் எச்சரிக்கை தேவை. மொத்தமாக வேண்டும் என்று கைப்பேசியில் பேசி, பணம் அனுப்பியதாக ஒரு படத்தைக் காட்டுபவர் உண்டு. வங்கிக் கணக்கில் தொகை சேர்ந்திருப்பதைக் கண்டபின் மட்டுமே பொட்டலம் வீட்டை விட்டுப் புறப்படலாம். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை எவரும் அழுத்த வேண்டியதில்லை. அழுத்தச் சொல்பவர் வஞ்சகரே. ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை மேலும் தொலைவுக்குக் கொண்டுபோகும். மறுபுறம், வாங்கியவருக்கும் காப்பு உண்டு. 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, தளத்தில் விற்பவர் குறையுள்ள பண்டத்தைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. வாங்கியவர்போல் நடித்துத் தம் பண்டத்தைத் தாமே புகழ்ந்து எழுதவும் கூடாது. அத்தை, சித்தி, மருமகள் என்று வீட்டார் எல்லோரையும் விட்டு ஐந்து நட்சத்திரம் இடச் சொல்லும் வழக்கம் இங்கே நினைவுக்கு வரலாம்.

ஒவ்வொரு முறை செய்த சரக்குக்கும் ஓர் எண் கொடுத்து, அதனை உறையிலும் குறிப்பேட்டிலும் எழுதி, அவற்றிலிருந்து இரண்டு உறைகளை விற்காமல் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். மூன்று மாதம் கழித்துத் தில்லியிலிருந்து ஒருவர் வடாம் சிவந்துபோனதாக எழுதினால், அதே நாளில் செய்ததைப் பொரித்துப் பார்த்து விடை சொல்லலாம். ஆடியில் சரக்குத் தீர்ந்துவிட்டால் இணையப் பக்கத்தில் அதனை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்: இவ்வாண்டு வடாம் முடிந்தது, அடுத்தது மாசியில், வேண்டுவோர் பெயரைப் பதிந்து வைக்கலாம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தை மாதம் எத்தனை படி அரிசி ஊறவைப்பது என்று முடிவு செய்யலாம்.