கடல்நீர்த் தொட்டியும் நைட்ரேட்டும்

இல்லத்திற் கடல்மீன் வளர்ப்போர் நீரின் தெளிவு கண்டு மயங்கலாகாது. மீன்கழிவிலும் எஞ்சிய இரையிலும் பிறக்கும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக்கிப் பின் நைட்ரேட்டாக்குகின்றன. அது கண்ணிற்குப் புலனாகாமற் பெருகிப் பவளவுயிர்களை நலிவிக்கும். லிட்டருக்கு 80 மில்லிகிராம் உள்ளவிடத்துப் பத்திலொரு பங்கு நீரை மாற்றினும் 72 எஞ்சுமாதலின், கருவி வேண்டப்படுகின்றது.

நுரைக்கருவி காற்றுக்குமிழிகளாற் கழிவினை அழுகுமுன்னரே நுரையோடு அகற்றும். பாசித்தொட்டியில் வளரும் பாசி நைட்ரேட்டை உண்ணும்; அதனை அவ்வப்போது அறுத்தெடுத்தல் வேண்டும். கந்தகம் நிறைத்த குழலிற் பிராணவாயு குன்றவே, நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும். ஆங்கு நீர் விரைந்தோடின் நைட்ரைட் எஞ்சும். தேங்கின் அழுகிய முட்டை நாறும் நச்சுவாயு பிறக்கும். நாள்தோறும் கவனிக்கவியலாதார் முன்னிரண்டையே கொள்க.

இரையை அளவாயிடுதல் எக்கருவியினும் முற்பட வேண்டுவது. அடைத்து வைத்த உயிரைக் காக்குங் கடன் நம்முடையதன்றோ?