பின்னச்சின் அளவை அறியும் முறை

மைசூரிலிருந்து ஹுன்சூர் வழியாகக் குடகை நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டி அமைந்த ஹூட்டகள்ளி தொழிற்பேட்டையில், கல்யாணி குழுமமும் அமெரிக்காவின் ராக்வெல் நிறுவனமும் கூட்டாக 1981-இல் தோற்றுவித்த ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் நிறுவனம், லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் உரிய பின்னச்சுகளை உருவாக்கி வருகிறது. பின்னச்சின் நடுவே பானைபோலப் புடைத்து நிற்கும் கூட்டுக்குள் இருப்பதே டிஃபரன்ஷியல் எனப்படும் பல்சக்கரத் தொகுதி. பழைய பிக்கப் வண்டியையோ ஜீப்பையோ செப்பனிட்டு ஓட்ட விரும்புவோர், உதிரிப்பாகம் தேடிப் புறப்படும் முன் இத்தொகுதியின் அளவை உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது.

எஞ்சினின் சுழற்சியைப் பின்புறம் கொண்டுவரும் புரொப்பல்லர் தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பல்சக்கரம் உள்ளது; அது கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும்போது சுழற்சியின் திசை செங்கோணத்தில் திரும்புவதோடு, வேகம் குறைந்து இழுவிசை பெருகுகிறது. கிரவுனுடன் பிணைந்த கூண்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள், இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் உருள இடந்தருகின்றன. சாமுண்டி மலைப்பாதையில் ஒரு வண்டி அரைவட்டமாகத் திரும்புவதாகக் கொண்டால், பின்சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் இடைவெளி இருக்கும்போது, வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 3.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும்; டிஃபரன்ஷியல் இல்லையேல் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபட்டே தீரும்.

டிஃபரன்ஷியலின் அளவு என்பது கிரவுன் வீலின் வெளிவிட்டமே ஆகும். பல்விகிதம் என்பது இதனின்று வேறானது. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பது அது. விட்டம் தாங்குதிறனையும், விகிதம் இழுவைக்கும் வேகத்துக்கும் இடையிலான சமநிலையையும் தீர்மானிக்கின்றன. சிஜே 3பி ஜீப்பின் பின்னச்சான டேனா 44-இன் கிரவுன் 8.5 அங்குலம், அதாவது சுமார் 216 மில்லிமீட்டர் விட்டமுடையது. 44 என்பது அங்குலக் கணக்கோ பற்களின் எண்ணிக்கையோ அன்று, வெறும் மாதிரி எண்ணே. அந்த ஜீப்பில் பற்கள் 43-க்கு 8, விகிதம் 5.38, இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்பிலோ 39-க்கு 8, விகிதம் 4.88.

அடையாளம் காண்பதற்கு முதலில் கூட்டின் வடிவத்தை நோக்க வேண்டும். பின்புறத்தில் போல்ட்டுகளால் பொருத்திய மூடி இருந்தால் அது சாலிஸ்பரி வகை. எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றினால் கிரவுனின் விட்டத்தை நேரடியாக அளக்கலாம். டேனா 44-இன் மூடியில் 10 போல்ட்டுகள் உண்டு. கூட்டின் வார்ப்பிலேயே 44 என்ற எண்ணும் பெரும்பாலும் காணப்படும். லாரிகளில் பரவலாக உள்ள பாஞ்சோ வகையில், அச்சுத்தண்டுகளை உருவிய பின் தொகுதி முழுவதையும் முன்புறமாக வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், மாதிரி எண்ணும் விகிதமும் பொறித்த அடையாளத் தகட்டைத் துருவும் சேறும் நீக்கி முதலில் படிப்பதே எளிது.

தகடு தொலைந்திருந்தாலும் விகிதத்தை அறியலாம். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் உயர்த்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்தபின், அச்சக்கரத்தைச் சரியாக இரண்டு முறை சுழற்ற வேண்டும். மறுசக்கரம் அசையாதிருப்பதால் கிரவுன் ஒரு சுற்றே சுழலும். அதற்குள் புரொப்பல்லர் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பதே விகிதம். தண்டில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு எண்ணினால், ஐந்தேகால் சுற்றுக்குச் சற்று மேல் வருவது 5.38 என்றும், ஐந்துக்குச் சற்றுக் குறைவது 4.88 என்றும் தெளிவாகும்.

நாற்சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்னச்சும் பின்னச்சும் விகிதத்தில் ஒத்திராவிட்டால் இறுகிய சாலையில் டிரான்ஸ்ஃபர் கியர்பெட்டி திணறும். கிரவுனும் பினியனும் இணையாகவே இழைத்துப் பொருத்தப்படுவதால், ஒன்றை மட்டும் மாற்றுவதும் தவறு. பழைய வண்டிகளில் அச்சு இடையிலேயே மாற்றப்பட்டிருக்கக்கூடும். ஆகவே பதிவுப் புத்தகத்தையோ வண்டியின் பெயரையோ நம்பாமல், அச்சையே அளந்து பார்த்தபின் பொருள் வாங்குவதே முறை.